பதவியைத் தீர்மானித்துவிட்டுப் படிப்பில் சேருங்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். வயது 31. காரைக்குடியில் பி.காம். முடித்தேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். நூலகப் படிப்பு எதுவும் இல்லாததால், "தகுதி வேண்டும், ஏதாவது படித்துவிடுங்கள்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் படிப்பா, பி.எல்.ஐ.எஸ். என்னும் நூலக அறிவியல் இளநிலைப் பட்டமா, எம்.எல்.ஐ.எஸ். என்னும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டமா, எதில் சேர்வது? தொலைநிலையில் படித்தால் செல்லுமா? நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வை எழுதியே ஆக வேண்டுமா? எங்கள் ஊர்ச் சங்க நூலகத்தில் நாலாயிரம் புத்தகங்கள் பட்டியல் இல்லாமல் கிடக்கின்றன. ஓர் ஆச்சி தம் வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பழைய நூல்களையும் கொடுத்திருக்கிறார். சங்க நூல்களில் உள்ள பழைய எண்ணை அழித்துவிட்டு முதலிலிருந்து புது எண் போடலாமா? இதற்கிடையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஆறு மாத டிப்ளமோவுக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள். முடித்தால் அரசு நூலக வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதில்தான் கைப்பணம் போகும். அந்த முப்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். அரசு நூலக வேலைக்கு ஆள் எடுப்பது தேர்வாணையமும் அந்தந்தத் துறையும்தான். எந்தப் பயிற்சி நிலையமும் அதை உறுதி தர முடியாது. ஆறு மாத டிப்ளமோ பெரும்பாலான அறிவிப்புகளில் தகுதியாகவே வராது. கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்குக்கூட, பட்டத்தோடு நூலக அறிவியலில் ஓராண்டு டிப்ளமோ என்றுதான் எழுதியிருக்கும். அரை ஆண்டுப் படிப்பு அங்கேயே அடிபட்டுப்போகும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. எந்தப் படிப்பு என்று தொடங்கினால் ஆளுக்கொரு பதில் வரும். எந்தப் பதவி என்று தொடங்குங்கள். கிடைக்க வேண்டிய பதவியின் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிக்க வேண்டும். நூலகத் துறையில் நன்றாகப் படித்தவர்களே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முதலில் படிப்பை முடித்துவிட்டு, பிறகு அதற்கேற்ற பதவியைத் தேடுகிறார்கள்.

நம் மாநிலத்தில் படிகள் ஏறத்தாழ இப்படி இருக்கின்றன. ஊர்ப்புற நூலகர் போன்ற அடிமட்டப் பணிகளுக்குப் பள்ளிப் படிப்போடு நூலக அறிவியல் சான்றிதழ். பள்ளி நூலகர், கல்லூரிகளில் உதவி நிலைப் பணிகள், பொது நூலகத் துறையின் இடைநிலைப் பணிகள் ஆகியவற்றுக்கு ஏதாவது ஒரு பட்டமும் பி.எல்.ஐ.எஸ்.ஸும். கல்லூரி நூலகர், பல்கலைக்கழக உதவி நூலகர் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் பேசும்: முதுநிலையில் 55 விழுக்காடு, அதோடு நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்வு, உரிய விதிப்படி பிஎச்.டி. பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கும் மேலே துணை நூலகர், பல்கலைக்கழக நூலகர் பதவிகள். அவற்றுக்குப் பிஎச்.டி.யோடு முறையே 8 ஆண்டு, 10 ஆண்டு அனுபவம் வேண்டும். இப்போதைக்கு அந்த உயரத்தை நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

நீங்கள் பட்டதாரி. ஆகவே சான்றிதழ் படிப்பில் ஒரு பருவத்தைக் கழிக்காதீர்கள். மிச்சம் இருப்பது இரண்டு வழிகள். ஓராண்டு பி.எல்.ஐ.எஸ். முடித்து, பிறகு ஓராண்டு எம்.எல்.ஐ.எஸ். படிப்பது ஒன்று. பட்டத்திலிருந்து நேரே இரண்டாண்டு எம்.எல்.ஐ.எஸ். சேர்வது மற்றொன்று. காலம் இரண்டிலும் இரண்டு ஆண்டுதான். ஆனால் உங்கள் வயதுக்கு முதல் வழிதான் சரி.

காரணம் இதுதான். கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்குப் பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 35. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் பிரிவினருக்கு 5 ஆண்டும் தளர்வு. அங்கே அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. பி.எல்.ஐ.எஸ். முதலில் முடித்துவிட்டால் 32, 33 வயதிலேயே விண்ணப்பிக்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள். பள்ளி கேட்கும் தகுதியும் ஓராண்டில் கைக்கு வந்துவிடும். இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்து இடையில் குடும்பக் காரணத்தால் நிற்க நேர்ந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பிரித்துப் படித்தால் முதல் ஆண்டு முடிவில் ஒரு பட்டமாவது இருக்கும். இன்னொன்றும் உண்டு. அறிவிப்பில் "நூலக அறிவியலில் இளநிலைப் பட்டம்" என்று மட்டும் இருந்து, "அல்லது அதற்கு மேல்" என்ற சொல் இல்லாவிட்டால், நேரடி எம்.எல்.ஐ.எஸ். படித்தவர்கள் தங்கள் பட்டம் அதற்குச் சமம் என்று நிரூபிக்க அலைய வேண்டிவரும். தனி பி.எல்.ஐ.எஸ். இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

தொலைநிலைப் படிப்பு செல்லும். ஆனால் "செல்லும்" என்று கல்லூரி வாசலில் இருப்பவர் சொன்னால் போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டில் எந்தப் படிப்பை நடத்தலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பது வேறு, அந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருப்பது வேறு. நீங்கள் சேரும் பருவத்துக்கான பட்டியலில் பி.எல்.ஐ.எஸ். என்ற பெயரைக் கண்ணால் பாருங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மாற்றுச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் யாராவது கேட்கும்போது இணையத்தில் அந்தப் பக்கம் இருக்கும் என்று நம்ப முடியாது.

வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்கே "படிப்பு மையம்" நடத்துபவர்களிடம் போகாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்குள்தான் தொலைநிலைப் படிப்பை நடத்தலாம். 2024 முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் சேர்பவர்கள் மானியக் குழுவின் தளத்தில் தாங்களே பதிந்து, தொலைநிலைக் கல்விப் பிரிவின் டெப் அடையாள எண்ணைப் பெற வேண்டும். அதைக் கேட்காமல் "நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் துறை இருக்கிறது. அங்கே நேரில் போய், இந்தப் பருவத்தில் எந்த முறையில் எந்தப் படிப்பு நடக்கிறது என்று கேட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு.

தொலைநிலையில் படிப்பவர்கள் தவறவிடுவது தொடர்பு வகுப்பைத்தான். வகுப்பாக்கமும் (நூலுக்குப் பொருள்வாரியாக எண் தருவது) பட்டியலாக்கமும் (நூலின் விவரத்தைப் பதிவது) செய்முறைத் தாள்கள். புத்தகத்தைப் படித்து இவற்றில் தேறிவிடலாம், ஆனால் கை வராது. பள்ளியில் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தால் இந்த இரண்டு தாள்களின் வகுப்புகளுக்காகக் கேளுங்கள்.

பொது நூலகத் துறைக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரியில்தான் இன்றும் மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் நடக்கின்றன. இதன் பணியிடங்களும் நினைத்தபோது நிரப்பப்படுவதில்லை. 2023-இல் டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த நூலகப் பணித் தேர்வு நடத்தியது. மாவட்ட நூலக அலுவலர், அரசு சட்டக் கல்லூரி நூலகர், அண்ணா நூற்றாண்டு நூலகப் பணிகள் எல்லாம் அந்த ஒரே அறிவிப்பில் வந்தன. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஆனால் அறிவிப்பு வரும் நாளில் தயாராக இருங்கள்.

தயாராக இருப்பது என்றால் என்ன? 150 ரூபாய் கட்டி டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் ஒருமுறைப் பதிவைச் செய்துவிடுங்கள். ஐந்து ஆண்டு செல்லும். பெயரை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பதியுங்கள். நம் பக்கத்தில் இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, பட்டச் சான்றிதழில் "ராம.", "அரு." என்று குடும்ப முறைப்படி இரண்டெழுத்து, மூன்றெழுத்து. ஆங்கிலத்தில் அதே முன்னெழுத்து ஓரிடத்தில் ஓரெழுத்தாகவும் இன்னோரிடத்தில் மூன்றெழுத்தாகவும் இருக்கும். எல்லாம் ஒருவரே என்று சரிபார்ப்பு மேசையில் வாயால் விளக்க முடியாது. இப்போதே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஒத்துப்போகும்படி திருத்துங்கள். பி.எல்.ஐ.எஸ். சேர்க்கைப் படிவத்திலும் அதே எழுத்துக் கூட்டலை எழுதுங்கள்.

தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். பத்தாம் வகுப்புத் தரம், குறைந்தது 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்றத் தாள்களைத் திருத்துவார்கள். தமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள். இலக்கணத்தில் பலர் சறுக்குகிறார்கள். தமிழ்வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கோருவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வகுப்பு முதல் அந்தப் பதவிக்குச் சொன்ன கல்வித் தகுதி வரை எல்லாம் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பள்ளியும் பி.காம்.மும் தமிழில் படித்து, பி.எல்.ஐ.எஸ். ஆங்கிலத்தில் படித்தால், பி.எல்.ஐ.எஸ். கேட்கும் பதவிக்கு இந்தச் சலுகையைக் கோர முடியாது. சேரும் முன்பே பயிற்று மொழி எது என்று கேட்டுக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

தேதி இன்னொரு கண்ணி. டி.என்.பி.எஸ்.சி.யில் அறிவிப்பு வெளியான நாளில் தகுதி கையில் இருக்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டேன், முடிவு அடுத்த வாரம் வரும் என்றால் ஏற்க மாட்டார்கள். முடிவு வந்ததும் தற்காலிகச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிற்படுத்தப்பட்டோர், மாநிலச் சாதிச் சான்றிதழை இணைத்தால் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி மிக்க பிரிவில் (கிரீமி லேயர்) வராதவர் என்ற குறிப்போடு தனியாகச் சான்று வேண்டும். அது கிடைக்க நாளாகும், முன்கூட்டியே வாங்குங்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் பி.எல்.ஐ.எஸ்.ஸைச் சேர்த்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பியுங்கள்.

கேந்திரிய வித்யாலயா காரைக்குடியிலேயே இருக்கிறது என்று பலர் ஆசைப்படுகிறார்கள். சம்பளம் ஏழாம் நிலை, தொடக்க அடிப்படை ஊதியமே 44,900 ரூபாய். ஆசைப்படத் தகுந்த வேலைதான். ஆனால் தேர்வு அகில இந்திய அளவில் நடக்கிறது. முதல் பணியிடம் எந்த மாநிலத்திலும் கிடைக்கலாம். இந்தியில் நடைமுறை அறிவு தகுதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. வீட்டைவிட்டு அவ்வளவு தூரம் போக முடியுமா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். முடியும் என்றால் இன்றே இந்தி எழுத்துப் பழக்கத்தைத் தொடங்குங்கள். நவோதயா பள்ளிகளுக்கும் இதே மாதிரிப் பணி உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே இல்லை, அங்கே தேர்வானால் வெளி மாநிலம் உறுதி.

நெட் எழுதியே ஆக வேண்டுமா என்றால், பள்ளி வேலைக்கு வேண்டாம். கல்லூரி நூலகர் நாற்காலி உங்கள் இலக்கு என்றால் வேண்டும். நூலக, தகவல் அறிவியலுக்கு நெட் பாட எண் 59. முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் விடாமல் குறியுங்கள். எம்.எல்.ஐ.எஸ். கடைசி ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம். தேர்ச்சி பெற்றால் இரண்டு ஆண்டுக்குள் உரிய விழுக்காட்டோடு பட்டத்தை முடிக்க வேண்டும். அந்த 55 என்பது முழு 55. 54.9 எடுத்தவருக்கு அதை 55 ஆக்கித் தர மாட்டார்கள். பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 50. தொலைநிலையில் படிப்பவர்கள் ஒப்படைப்புகளைக் கடைசி நாளில் அவசரமாக எழுதித் தந்து அதில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள், பிறகு இந்த 55-க்காக அலைகிறார்கள். மாநிலச் செட் தேர்வும் போதும். ஆனால் அது அந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும். உதவிப் பேராசிரியர், நூலகர் பணித் தகுதிக்கு நெட்டில் வயது வரம்பு இல்லை, ஆகவே இதில் அவசரப்பட வேண்டாம்.

உங்கள் இரண்டு ஆண்டுப் பள்ளி அனுபவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் உரிய தகுதியைப் பெற்ற நாளுக்குப் பிறகான அனுபவத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இந்த இரண்டு ஆண்டு கணக்கில் வராமல் போகலாம். ஆனாலும் அனுபவச் சான்றிதழை வாங்கி வையுங்கள். அதில் பதவியின் பெயர், சேர்ந்த தேதி, முழு நேரமா பகுதி நேரமா, மாதச் சம்பளம் ஆகியவை இருக்கட்டும். "நூலகத்தையும் கவனித்துக்கொண்டார்" என்ற வரியோடு ஒரு சான்று கையில் இருந்தால் நேர்முகத்தில் பயன்படாது. பி.எல்.ஐ.எஸ். முடிவு வந்த அன்றே பள்ளியிடம், நூலகர் என்ற பதவிப் பெயரில் புதிய நியமனக் கடிதம் கேளுங்கள். உங்கள் கணக்கில் வரும் அனுபவம் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்துதான் தொடங்கும். சி.பி.எஸ்.இ. இணைப்பு ஆய்வில் ஊழியர்களின் தகுதியைக் காட்ட வேண்டியிருப்பதால் பள்ளிக்கும் அந்தக் கடிதம் உதவும்.

இதுவரை சொன்னதெல்லாம் வாசலைத் தாண்டுவதற்கு. உள்ளே உட்கார வைத்து, மேசையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வைத்து, "இதற்குப் பதிவு போடுங்கள்" என்றால் என்ன செய்வீர்கள்? நல்ல தனியார் கல்லூரிகள் இப்போது இப்படித்தான் பார்க்கின்றன. நீங்கள் கேட்காத இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். இதற்குத் தேவையான பயிற்சிக்கூடம் உங்கள் ஊர்ச் சங்கத்திலேயே இருக்கிறது.

ஆச்சி கொடுத்த பழைய நூல்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையை விடுங்கள், தலைப்புப் பக்கத்தைத் திறங்கள். ஆசிரியர் பெயர் ராய. சொக்கலிங்கம் என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். பதிவின் தலைப்பு எந்தச் சொல்லில் தொடங்கும்? தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கடைசியில் வருவதில்லை. இயற்பெயரே முதல் சொல், முன்னெழுத்து பின்னால் போகும்: "சொக்கலிங்கம், ராய." அந்த "ராய." என்பதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடாதீர்கள். நம் பகுதியில் முன்னெழுத்துதான் ஒரே பெயருள்ள நாலு பேரைப் பிரித்துக் காட்டுகிறது. பண்டிதமணி என்றால் "கதிரேசச் செட்டியார், மு.", "பண்டிதமணி" என்று தேடுபவரையும் அங்கே கொண்டுவர ஒரு பார்வைக் குறிப்பு. சிறுகூடல்பட்டி முத்தையாவை யாரும் அந்தப் பெயரில் தேட மாட்டார்கள். "கண்ணதாசன்" தலைப்பு, "முத்தையா" என்பதிலிருந்து அதற்குக் குறிப்பு. இதைத்தான் பாடத்தில் பெயர்க் கட்டுப்பாடு என்கிறார்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் பத்துப் பெயர் போட்டுப் பார்த்தால் மறக்காது.

அடுத்து ஆண்டு. பழைய நூல்களில் "பிரமோதூத வருடம்" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்றில் அதே பெயர் திரும்ப வரும். 1930-இல் வந்தது 1990-லும் வந்திருக்கிறது, 1870-லும் வந்திருக்கிறது. தாள், அச்செழுத்து, அச்சகத்தின் பெயர், முன்னுரையில் குறிப்பிடும் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். சித்திரையில் பிறக்கும் ஆண்டு அடுத்த பங்குனி வரை ஓடுவதால் ஒரே ஆங்கில ஆண்டாக எழுதிவிடவும் கூடாது. நூலில் உள்ளதை அப்படியே எழுதி, சதுர அடைப்புக்குள் 1930 அல்லது 1931 என்று சேர்க்க வேண்டும்.

வகுப்பெண்ணுக்கு, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் தரும் டூயி முறை. தமிழ் இலக்கியம் 894.811. அதோடு 1 சேர்ந்தால் கவிதை, 2 சேர்ந்தால் நாடகம், 3 சேர்ந்தால் கதை. ஆகவே நாவல் 894.8113. தமிழ் மொழி, இலக்கணம் என்றால் 494.811. இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தமிழ்நாட்டு வரலாறு 954.82. செட்டிநாட்டுச் சமையல் புத்தகத்துக்கு 641.59-ஐ எடுத்துத் தமிழ்நாட்டின் இட எண்ணான 5482-ஐ ஒட்டினால் 641.595482. எண்ணை எப்படிக் கட்டினேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தால் நேர்முகத்தில் அந்த ஒரு விடையே போதும்.

இனி கணினி. கோஹா நூலகப் பணிகளுக்கான இலவச மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் புழக்கத்துக்கு வந்தது. இன்று நம் கல்லூரிகளில் பலவற்றில் இதுதான். 4 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினியில் டெபியன் அல்லது உபுண்டு இயங்குதளத்தை நிறுவி, அதன்மேல் கோஹாவைப் போட்டுப் பழகலாம். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 முறையின் புலங்களில் அன்றாடம் வேண்டியவை சிலதான்: 020 ஐ.எஸ்.பி.என்., 082 டூயி எண், 100 ஆசிரியர், 245 தலைப்பு, 264 வெளியீட்டு விவரம், 300 பக்கமும் அளவும், 650 பொருள், 700 பதிப்பாசிரியர் போன்ற பிறர். கோஹாவில் ஒவ்வொரு பிரதியின் விவரம் எல்லாம் 952-க்குள்: பார்கோடு அதன் p துணைப்புலத்தில், அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பெண் o துணைப்புலத்தில். 942-இல் நூல் வகையைக் குறிக்காமல் விட்டால் பிறகு வழங்கல் விதி சரியாக வேலை செய்யாமல் மண்டை காயும்.

தமிழ்ப் பதிவுகளில் தனியாக வரும் தொல்லைகள் மூன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை அப்படியே ஏற்றினால் திரையில் புரியாத எழுத்துகள் வரும். ஏற்றும் முன் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கோஹாவின் தேடலை நிறுவும்போது எழுத்துப் பிரிப்பை ஐ.சி.யூ. முறைக்கு அமைக்காவிட்டால் தமிழ்ச் சொல் தேடல் ஒழுங்காக நடக்காது. பதிவு இருக்கும், தேடினால் வராது. மூன்றாவது, தட்டச்சுப் பிழை. துணைக்காலுக்குப் பதில் ரகரம், "ஔ" என்பதற்குப் பதில் "ஒ"வும் "ள"வும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஆயிரம் பதிவில் இதைத் தேடிப் பிடித்துத் திருத்தியவர் என்று நேர்முகத்தில் சொல்ல முடிந்தால், சான்றிதழ்கள் பத்து வைத்திருப்பவரைவிட உங்களை நம்புவார்கள்.

தனியார் கல்லூரி என்றால், கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் அமைப்பின் ஆய்வைப் பற்றியும் கேட்பார்கள். நூலகத் தானியங்கி மென்பொருளின் பெயர், பதிப்பு, எந்த ஆண்டிலிருந்து, மின்னிதழ்ச் சந்தா எது, வாசகர் வருகை எத்தனை என்ற தரவுகளை ஆதாரத்தோடு தர வேண்டியவர் நூலகர்தான். கல்லூரிகளுக்கு மின்னூல்களும் மின்னிதழ்களும் தரும் என்-லிஸ்ட், 2025 சனவரியில் தொடங்கிய ஒரு நாடு ஒரு சந்தா என்னும் மின்னிதழ்த் திட்டம் ஆகியவை என்ன, யாருக்குக் கிடைக்கும் என்று தெரிந்து வையுங்கள். மத்திய அரசு நேர்முகங்களில் இருப்புச் சரிபார்ப்பைக் கேட்பது வழக்கம். 2017-இன் பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி: 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, 50,000 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு. வழங்கிய, பார்வைக்குக் கொடுத்த நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது ஏற்கத்தக்கது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு.

உங்கள் ஊர்ச் சங்க நூலகத்தை எளிதாக எண்ணாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், 1992-இல் அவர் மறைந்த பிறகு சென்னைக்குப் போய் உலகம் முழுவதிலும் இருந்து ஆய்வாளர் தேடி வரும் நூலகம் ஆயின. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் 2025 சனவரியில் வளர்தமிழ் நூலகம் திறந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பெட்டகங்களிலும் பரண்களிலும் இருப்பதைப் பதிவு செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் நிறைய வேண்டும். ஒருவராக நீங்கள் இருந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்த நாலாயிரத்தில் முதலில் இருநூறை எடுங்கள். ஆச்சியின் நூல்களைத் தனியாக வைத்து, யார் கொடுத்தது, எந்த நாளில் வந்தது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தொடுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். முற்றத்து நிழலில் விரித்து மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண் போடலாமா என்று கேட்டீர்கள். அழிக்க வேண்டாம். முதல் பக்கத்தில் ஊதா மையில் இருக்கும் அந்தப் பழைய எண்ணும் முத்திரையும் அப்படியே இருக்கட்டும். ஒரு கோடுகூட அடிக்காதீர்கள். புது எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கி, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். பழைய எண்ணை கோஹாவில் 952-இன் x துணைப்புலத்தில், வாசகருக்குத் தெரியாத குறிப்பாகப் போட்டுவையுங்கள். சங்கத்தின் பழைய வரவேடு எங்காவது ஒரு பெட்டகத்தில் அகப்படும்போது, எந்த நூல் எப்போது வந்தது என்று பொருத்திப் பார்க்க அந்த எண்தான் வழி.